சாம்பல் கோழிக்கு வைத்த பொட்டு

"ஒரே தட்டுல தின்னுக்கினு, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிக்கினு தூங்கின குஞ்சுங்க. காலையில நான் வேலைக்குப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சிங்க. மத்தியானம் வந்து பாத்தா ரெண்ட கொத்தியே கொன்னு போட்டிருக்குதுங்க. எப்டிம்மா? நீ படிச்ச பொண்ணாச்சே, சொல்லு."

எங்கள் தெருக் குழாயடியில் வினோதினி அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கோழியின் இதயத்தில் எத்தனை அறை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது அதை இல்லையே. பதிலை அவரே பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார். பாதியை அவர் சொல்லக் கேட்டேன், பாதியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கதை என்பதால் இனி 'அக்கா'வை விட்டுவிட்டு வினோதினி என்றே எழுதுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் கோபப்பட வேறு நிறைய இருக்கிறது.

வினோதினிக்கு வயது முப்பத்தொன்று. கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலா, அதாவது வேர்க்கடலை, போடும் வீட்டில் பிறந்தவள். ஒன்பது வருடத்துக்கு முன் அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் சக்திவேல் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுடைய அண்ணன் கண்ணாயிரம், அண்ணி வெள்ளையம்மாள், அவர்கள் மகள் அபிநயா என்று ஐந்து பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. காலையில் எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதிக்குப் போவாள். அறைகளைக் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புவாள்.

அந்த வீட்டில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது. கை ராசி இல்லாதவள்.

இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. முதல் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த அன்றைக்கே, சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மாள் யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்தது. "அவ கையில எதுவும் தங்காது." அன்றைக்கு ஒட்டிய வார்த்தை அதற்குப் பிறகு உரியவே இல்லை. இவள் உறை ஊற்றிய பால் தோயவில்லையா, கை. இவள் நட்ட முருங்கைப் போத்து பட்டுப்போனதா, கை. போன வருடம் வீட்டுக் கோழிகள் பொரித்த பதினோரு குஞ்சுகள் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் செத்தன. தடுப்பு மருந்து போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று கால்நடை டாக்டரே சொன்னார். மருந்து போட வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஆனால் காலையில் நொய் போட்டவள் வினோதினி. ஆகவே அதுவும் கை.

அந்தக் கோபத்தில்தான் அவள் கோழி வளர்க்கவே ஆரம்பித்தாள். ஆசையால் இல்லை. இதை அவளே என்னிடம் சொன்னாள்.

இந்த வருடம் சித்திரைக் கடைசியில் அம்மா வீட்டுக்குப் போனவள், பத்து நாள் வயதுள்ள நாட்டுக் கோழிக் குஞ்சுகள் இருபத்து நான்கை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலிலேயே கண்ணாயிரம் கேட்டுவிட்டார்.

"மறுபடியும் கோழியா? போன வருசம் பொதச்ச குழியே இன்னும் தூரல."

"இந்தத் தடவ மருந்து போட்டு வளக்கறேன் மாமா."

"வளப்ப, வளப்ப. இதுவும் செத்துதுன்னா கூண்ட பிரிச்சிப் போட்டுடுவேன். பின்னாடி கிரிவலப் பாதைய ஒட்டின எடம். பௌர்ணமிக்கு வண்டி நிறுத்தவாவது ஆவும்."

சொன்னால் செய்கிறவர்தான். இனி குஞ்சு செத்தால் கூண்டு போய்விடும், அந்த வார்த்தை அவள் காலத்துக்கும் இருந்துவிடும். பிழைத்தால், ஒரு முறையாவது அதை அவர்கள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள்.

அவள் வளர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, பல்பை இறக்க வேண்டும். மூலைக்கு ஓடினால் சூடு ஜாஸ்தி, ஏற்ற வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் பெட்டியோடு போய்க் கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு மருந்து விட்டு வந்தாள். பழைய பானைக்குள் சாணத்தையும் கிழிந்த சாக்கையும் நனைத்துத் திணித்துத் தென்னை மரத்தடியில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் மொய்த்திருக்கும். அதைத் தட்டிப் போட்டால் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். ஒரு குஞ்சு பலவீனத்தில் போனது. ஒன்றைக் காக்கை தூக்கியது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று கண்ணாயிரமும் அதை விட்டுவிட்டார். இருபத்திரண்டு நின்றன.

பின்கட்டில், கம்பம் நட்டுக் கம்பி வலை அடித்த கூண்டுக்குள், வெள்ளையம்மாளின் பழைய கோழிகள் ஏழு இருந்தன. அவற்றுக்கு நடுவில் குஞ்சுகளை விடுவதுதான் பெரிய வேலை.

கோழிக் கூட்டத்தில் வரிசை உண்டு. யார் முதலில் தட்டுக்கு வருவது, யார் விலகி நிற்பது, யாரை யார் கொத்தலாம், யாரை யாரும் தொடக்கூடாது என்பதெல்லாம் அவற்றுக்குள் முடிவான விஷயம். அந்த ஏழுக்கும் தலைமை ஒரு சாம்பல் நிறக் கோழி. நான்கு வயது. வெள்ளையம்மாள் குஞ்சிலிருந்து கையில் ஊட்டி வளர்த்தது. அது நடந்து வந்தால் மற்றவை வழிவிடும். பழுப்புக் கோழி ஒன்று கடைசி. எல்லாம் தின்று முடித்தபின் மிச்சத்தைப் பொறுக்கும். அதன் முதுகில் இறகே கம்மி.

இந்த வரிசைக்குள் புதிய குஞ்சுகளைத் திடீரென விட்டால் கிழித்துவிடும் என்று வினோதினிக்குத் தெரியும். நடுவில் கம்பி வலையை இழுத்துக் கட்டினாள். இரண்டு வாரம் இந்தப் பக்கம் அவை, அந்தப் பக்கம் இவை. பார்க்கலாம், கொத்த முடியாது.

வெள்ளையம்மாளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இல்ல நிக்க வெச்சிருக்கா! அந்தாண்ட மாப்ள வூடு, இந்தாண்ட பொண்ணு வூடு."

"பழகட்டுங்க்கா. நான் வந்தப்ப எனக்கு இந்த வலை கூட கட்டலையே நீங்க" என்றாள் வினோதினி.

அபிநயாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளையம்மாள் சொம்பை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, பொழுது இறங்கும் நேரமாகப் பார்த்து, பழைய கோழிகள் கழியில் ஏறி உட்கார்ந்ததும் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இருட்டில் கோழி சண்டை போடாது. விடிந்து பார்க்கும்போது பக்கத்தில் இருப்பது ஏற்கெனவே பார்த்த முகம். தீனித் தட்டையும் ஒன்றுக்கு நான்காக்கி நான்கு மூலையில் வைத்தாள். ஒரு தட்டிலிருந்து விரட்டினால் இன்னொரு தட்டுக்குப் போகலாம் அல்லவா? அகத்திக் கீரையைக் கட்டி, எட்டிக் குதித்துத் தின்னும் உயரத்தில் தொங்கவிட்டாள். சும்மா நிற்கும் கோழிதான் வம்புக்குப் போகும் என்பாள். முதல் மூன்று நாள் கொத்து, ஓட்டம், கூச்சல் எல்லாம் இருந்தது. நான்காம் நாள் அடங்கியது. ஆடி பிறந்தபோது இருபத்தொன்பதும் ஒரே கூட்டமாகி இருந்தன.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்தாள்.

வெள்ளைச் சேவல் குஞ்சு ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கழுத்து கிழிந்து கிடந்தது. வைக்கோல் நிறத்துச் சேவல் குஞ்சு கம்பி வலை ஓரத்தில் கிடந்தது. அதன் பின்தலையில் தோலே இல்லை. கறுப்புச் சேவல் குஞ்சு ஒன்று மட்டும் தொட்டிக்கும் சுவருக்கும் இருந்த சந்தில் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது. மீதிக் கோழிகள் அதன் முதுகைக் கொத்தக் காத்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றின் அலகிலும் சிவப்பு.

அவள் கத்தவில்லை. உள்ளே பாய்ந்து காலால் தள்ளிவிட்டுக் கறுப்பை வாரி எடுத்து மூங்கில் கூடைக்குள் கவிழ்த்தாள். பிறகுதான் கத்தினாள். "வூட்ல யாருமே இல்லையா? ஒருத்தர் காதுலயும் வுழலையா?"

வெள்ளையம்மாள் தலையில் கோயில் பூவோடு எட்டிப் பார்த்தாள். "நான் கோயிலுக்குப் போயிட்டு இப்பதான் வரேன். ஐயய்ய, இன்னாடி இது?" செத்துக் கிடந்தவற்றைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு வழக்கமான வார்த்தை வந்தது. "நான் இன்னாத்த சொல்றது? உன் கைராசி அப்பிடி."

கண்ணாயிரம் வந்தார். பார்த்தார். "நாளைக்குக் காலையில கடப்பாறை எடுத்தாறேன்" என்றார். அவ்வளவுதான்.

சக்திவேல் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து, தலையைச் சொறிந்தபடி நின்றான். "வுடு வினோ. அண்ணன்தான் சொல்றாரு இல்ல."

"எத்த வுடறது?"

"கோழிதான?"

"ஒம்போது வருசமா வுடு வுடுங்கற. நானும் வுட்டுக்கினேதான் இருக்கறேன். நீ ஒரு தடவ உங்க அண்ணி கிட்ட வுடுன்னு சொல்லிப் பாரேன்!"

அவன் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். வினோதினி அன்றைக்கு யார் மேலெல்லாம் கோபப்பட்டாளோ, அவர்கள் எல்லாரையும்விட அவன் மேல்தான் அதிகம் கோபப்பட்டாள்.

அந்தக் கோபத்துக்குள்ளும் அவள் மூளை ஓடிக்கொண்டிருந்தது. இது வரிசைச் சண்டை இல்லை. வரிசைச் சண்டை என்றால் கடைசியில் நிற்பதுதான் அடிபடும். இங்கே செத்த வெள்ளைதான் குஞ்சுகளில் முதல். தட்டுக்கு முதலில் வருவது அதுதான். வைக்கோல் நிறம் கடைசி. கறுப்பு நடுவில். முதல், நடு, கடைசி மூன்றும் ஒரே நாளில் எப்படி மாட்டும்? மூன்றும் சேவல்கள் என்பதைத் தவிர ஒற்றுமை எதுவும் தெரியவில்லை. கறுப்பைக் கழுவத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வந்தபோதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

வீட்டுக்குப் போய் வெந்நீரில் பழந்துணியை நனைத்து அதன் தலையை ஒற்றினாள். ரத்தம் காய்ந்தால் கருத்துப்போகும். துணியில் வந்தது கருக்கவில்லை. பளிச்சென்ற சிவப்பு. விரலால் தேய்த்தாள். நறநறவென்று பொடி. இன்னொரு முறை ஒற்றினாள். இறகின் அடியிலிருந்து மஞ்சள் இறங்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். குங்கும வாசனை.

அபிநயா கதவோரம் நின்றிருந்தாள். நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"அபி, யாரு வெச்சது?"

"சித்தி... அம்மாதான். எனக்கு அந்த ஆரணி சம்பந்தம் முடிஞ்சா மூணு சேவ குடுக்கறேன்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டாங்க. காலையில நீங்க போனதும் மஞ்சத் தண்ணி தெளிச்சி, அது ஒடம்ப சிலுப்புச்சி, அம்மன் ஒத்துக்கிட்டான்னு சொல்லிப் பொட்டு வெச்சி வுட்டுட்டு என்னயும் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனாங்க. கூழ் ஊத்தி முடிய மத்தியானம் ஆயிடுச்சி. நான் அப்பவே சொன்னேன், சித்திய ஒரு வார்த்த கேளுங்கன்னு."

நேர்ந்துவிடும் சேவலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டிலும் உண்டு. தவறு அதில் இல்லை. ஆனால் கோழியின் கண்ணுக்கு அது பொட்டு இல்லை, ரத்தம். அடைத்து வைத்த கூட்டத்தில் ஒன்றின் தலையில் சிவப்பைப் பார்த்தால் இன்னொன்று கொத்திப் பார்க்கும். கொத்தினால் உண்மையாகவே ரத்தம் வரும். வந்தபின் எதுவும் அதை நிறுத்தாது. வெள்ளை இறகில் குங்குமம் எடுப்பாகத் தெரிந்திருக்கிறது, வைக்கோல் நிறத்திலும் தெரிந்திருக்கிறது. கறுப்பில் அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால்தான் அது உயிரோடு இருந்தது. உயிரியல் புத்தகத்தைப் படித்து மூடி வைத்த எனக்கு இது தெரியவில்லை. வினோதினிக்கு ஒரு பழந்துணியில் தெரிந்துவிட்டது.

அவள் துணியைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்குப் போனாள்.

"இது இன்னாக்கா?"

வெள்ளையம்மாள் மறைக்கவில்லை. "ஆமா, வெச்சேன். அம்மனுக்கு வுட்ட சேவலுக்குப் பொட்டு வெக்காம இன்னா வெப்பாங்க?"

"என் சேவலுக்கு. என்னக் கேக்காம."

"உன் சேவலா? இந்த வூட்டு நொய்யத் துன்னு வளந்தது வூட்டு சேவல்தான். இதுல உன்னுது என்னுதுன்னு இன்னா இருக்குது?"

"செத்தா மட்டும் என் கை. உசிரோட இருந்தா வூட்டு சேவலா?"

வெள்ளையம்மாள் கரண்டியை நிறுத்தினாள். "இங்க பாரு வினோ, எங்க மாமியா காலத்துலேர்ந்து பொட்டு வெச்சிதான் வுடறோம். ஒண்ணும் செத்ததில்ல. உன் கை பட்டதுங்கதான் சாவுது."

"அப்பல்லாம் கோயில் வாசல்ல வெச்சீங்க. வெச்ச கொஞ்ச நேரத்துல அறுத்துட்டீங்க. தெருவுல மேஞ்ச சேவலா இருந்தா ஓடியாச்சும் பொழச்சிருக்கும். இது வலைக்குள்ள அடைச்சி வெச்சது. எங்கக்கா ஓடும்? பொட்ட வெச்சி இருபத்தாறு அலகுக்கு நடுவுல வுட்டுட்டுப் போயிருக்கீங்க!"

"போடி. பொட்டு வெச்சா கொத்துமாம். கேக்கறவங்க சிரிப்பாங்க."

கண்ணாயிரம் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "போதும். காலையில கூண்டு போயிடும். அதுக்கு மேல சண்டயே இருக்காது."

வினோதினி அன்றைக்குச் சாப்பிடவில்லை. யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

காலையில் ஆறரை மணிக்குக் கண்ணாயிரம் கடப்பாறையோடு பின்கட்டுக்கு வந்தார். குழாயடியில் குடத்தோடு நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். வேலி தாழ்வானது, எல்லாம் தெரியும். அவர் முதல் கம்பத்தில் கடப்பாறையை வைத்தார்.

"ஒரு நிமிசம் மாமா" என்று வினோதினி வந்தாள். கையில் சாமி மாடத்துக் குங்குமச் சிமிழும் ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீரும்.

அவள் நேராகப் போய்ச் சாம்பல் கோழியைத் தூக்கினாள். அது தன் பாட்டுக்குத் தட்டின் நடுவில் நின்று தின்றுகொண்டிருந்தது. ஒன்றும் அதன் கிட்டே வரவில்லை. தூக்கியபோதுகூட அது சத்தம் போடவில்லை. தன்னை யார் என்ன செய்துவிட முடியும் என்பது போல இருந்தது.

"அக்கா, வெளிய வாங்க!"

வெள்ளையம்மாள் வந்தாள். "என் கோழிய எதுக்குத் தூக்கற?"

"இது உங்க கோழி. உங்க கையால வளந்தது. என் கை இதுமேல பட்டதே இல்ல, இப்பதான் படுது. குங்குமமும் உங்க சாமி மாடத்துக் குங்குமம். சரிதான?"

"வினோ, வேணாம்."

"ஏன் வேணாம்? பொட்டு வெச்சா கொத்தாதுன்னுதான சொன்னீங்க?"

மஞ்சள் தண்ணீரைத் தொட்டு அதன் பின்கழுத்தை நனைத்தாள். ஐந்து விரலாலும் குங்குமத்தை அள்ளி அப்பினாள். சாம்பல் இறகில் சிவப்பு தகதகவென்று நின்றது. கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சாம்பல் கோழி உடம்பை உதறிவிட்டு வழக்கம்போல் தட்டுக்குப் போனது. வெள்ளையம்மாள் மூச்சு விட்டாள். கண்ணாயிரம், "பாத்தியா" என்று ஆரம்பித்தார்.

மற்ற கோழிகள் தின்பதை நிறுத்தியிருந்தன. தலையை ஒருக்களித்து ஒரு கண்ணால் பார்த்தன. பழுப்புக் கோழி, முந்தின நாள்வரை அந்தக் கூண்டில் யாரையும் கொத்தியறியாத அந்தக் கடைசிக் கோழி, இரண்டு எட்டு முன்னால் வைத்து, சிவப்பில் ஒரே ஒரு கொத்து கொத்தியது. சாம்பல் திரும்பி அதை அடித்தது. அதற்குள் பின்னாலிருந்து இன்னொன்று. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. நான்கு வருடமாக அது வந்தால் வழிவிட்டவை எல்லாம் அதன்மேல் ஏறிவிட்டன.

"எடுடி! எடுடி என் கோழிய! கண்ணு மாதிரி வளத்தேன்டி!"

"நானும் அப்பிடித்தான் வளத்தேன்" என்றாள் வினோதினி. கதவைவிட்டு நகரவில்லை.

"வினோ, உன் கால்ல வேணா வுழறேன்!"

"கால்ல வுழ வேணாம். யாரு கைன்னு சொல்லுங்க. நேத்து செத்தது யாரு கையால? இத்தன பேர் கேக்கறாங்க, சொல்லுங்க!"

வெள்ளையம்மாள் அழ ஆரம்பித்தாள். அதற்குள் வினோதினியாலேயே பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தாள். கையெல்லாம் கொத்து வாங்கிக்கொண்டு சாம்பலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன் கழுத்தில் இரண்டு இடத்தில் நிஜ ரத்தம். கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மூன்றாவது பிணம் விழுந்திருக்கும். அந்தக் கோழி யாருக்கும் ஒரு பாவமும் செய்யவில்லை. "அத நெனச்சா மட்டும் மனசு கேக்கல" என்று இப்போதும் சொல்கிறாள். மற்ற எதற்கும் அவள் வருந்தவில்லை.

கண்ணாயிரம் கடப்பாறையைப் பிடித்தபடியே நின்றார். நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் யாரையும் பார்க்காமல் அதைச் சுவரில் சாத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். கம்பத்தின் அடியில் கடப்பாறை குத்திய குழி அப்படியே இருந்தது. சாயங்காலம் சக்திவேல் வந்து மண்ணைப் போட்டு மிதித்து அதை மூடினான். வினோதினி அவனோடு பேசவில்லை. அவன் அதோடு நிறுத்தாமல், கோணலாக இருந்த கூண்டுக் கதவைக் கழற்றி, புதுக் கீல் போட்டு மாட்டினான். அப்போதும் அவள் பேசவில்லை. "ஒம்போது வருசத்துக்கு ஒரு கீலா?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை.

சாம்பல் கோழியின் காயத்தை வினோதினியே கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, கறுப்புச் சேவலோடு வலைக்கு இந்தப் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டாள். புண் காய்ந்து சிவப்பு மறையும்வரை கூட்டத்துக்குள் விடவில்லை. பத்து நாள் கழித்து, பழையபடி பொழுது இறங்கும் நேரத்தில் கழியில் ஏற்றி உட்கார வைத்தாள். சாம்பல் திரும்ப வந்தது, ஆனால் முதலிடத்துக்கு வரவில்லை. இல்லாத நாட்களில் வரிசை மாறிவிட்டிருந்தது. இப்போது அது நாலாவதாகத் தின்கிறது. பழுப்புக் கோழி முதலிடத்துக்கெல்லாம் போய்விடவில்லை. ஆனால் அதன் முதுகில் இறகு முளைத்திருக்கிறது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் வெள்ளையம்மாள் பின்கதவில் வந்து நின்றாள். ஆரணிச் சம்பந்தம் முடிந்திருந்தது. "அம்மனுக்கு வாக்கு குடுத்துட்டேன். ஒரு சேவ குடுப்பியா?" என்று கேட்டாள். 'குடு' என்று சொல்லவில்லை, 'குடுப்பியா' என்று கேட்டாள். அந்த வீட்டில் வினோதினியிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

"மூணு நேந்துக்கிட்டீங்களே?"

வெள்ளையம்மாள் தரையைப் பார்த்தாள். "ரெண்ட அவளே எடுத்துக்கிட்டா."

"அவ எடுக்கல. நாமதான் குடுத்தோம், தெரியாத்தனமா. அம்மன் மேல பழியப் போடாதீங்க." சொல்லிவிட்டு வினோதினி நல்லதாக ஒரு சேவலைப் பிடித்து வந்தாள். அடையாளத்துக்கு அதன் வால் இறகில் ஒன்றைக் கத்தரியால் நறுக்கினாள். "பொட்டு கோயில்ல வெச்சிக்கலாம். இங்க வேணாம்."

கறுப்புச் சேவலை அவள் கொடுக்கவில்லை. அதன் பின்தலையில் இன்னும் இறகு முளைக்காத ஒரு வட்டம் இருக்கிறது. அது கூவும்போது வெள்ளையம்மாள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இப்போது கூண்டில் பழைய ஏழும் புதிய பத்தொன்பதும் இருக்கின்றன. புரட்டாசியில் முட்டையிடும் என்கிறாள். கை ராசி என்ற பேச்சை அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களோ என்னவோ. அவள் கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்டேன். "தணியறதா? ஒரு கோழிக்கு ரத்தம் வந்தாதான் ஒரு வார்த்தய வாபஸ் வாங்குவாங்கன்னா, எப்டிம்மா தணியும்?" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் தெருவில் கோழி வளர்க்கிற, நேர்ந்துவிடுகிற வீடு ஒன்றாவது இருக்கும். அங்கே போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பொட்டைக் கோயில் வாசலில் வையுங்கள், கூண்டில் வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள். அந்த வீட்டிலேயே யாரையாவது கை ராசி இல்லாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தால், கதையை இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லுங்கள். அவள் காதிலும் விழும்படி, கொஞ்சம் சத்தமாக.